கீலுக்குள் சந்தனம்

மடக்குக்கத்தியைக் கையில் வாங்கியதும் திறந்து பார்க்கிறவனை அவர் ஆளாகவே மதிக்க மாட்டார். "தெரிஞ்சவன் கடைசியாத்தான்யா திறப்பான்" என்பார். மூடிய கத்தியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். அப்புறம் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஆட்டுவார். அப்புறம் முகர்ந்து பார்ப்பார். எதிரில் நிற்கிறவனுக்கு அதற்குள் பொறுமை போய்விடும். எனக்கு அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே போயிருக்கும். திண்டிவனத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறவன் நான். வெளியே லாரி நிற்கும், தராசில் தகரம் ஏறிக்கொண்டிருக்கும், லோடுமேன்கள் கத்திக்கொண்டிருப்பார்கள். இந்த மனுஷன் என் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கத்தியை மோந்துகொண்டிருப்பார்.

பேரைச் சொல்லப் போவதில்லை. கடையில் எல்லோருக்கும் அவர் டிடிஆர்தான். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு விழுப்புரத்தில். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயிலில் வந்து இறங்கி, ஸ்டேஷனிலிருந்து நேராக என் கடைக்கு நடந்து வருவார். பஸ்ஸில் ஏறமாட்டார். பழைய மடக்குக்கத்தி, பேனாக்கத்தி என்றால் உயிர். வீட்டில் ஒரு பீரோ நிறைய வைத்திருந்தார். வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை, சட்டைக் காலருக்கு உள்பக்கம் ஒரு ஊக்கு, பாக்கெட்டில் நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துக்கொள்ளும் லென்ஸ். ஊக்கு எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

அவர் கத்தி பார்க்கிற முறையில் தப்புச் சொல்ல முடியாது. அலகின் அடியில், அது மடங்குகிற கீலை ஒட்டி, செய்தவன் அடித்த முத்திரை இருக்கும். அதை லென்ஸ் வைத்துப் பார்ப்பார். எழுத்து உலோகத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். மேலாக அரித்த மாதிரி இருந்தால் நேற்று செய்தது. முத்திரையில் ஊர்ப் பேர் மட்டும் இருந்தால் ஒரு காலம், நாட்டின் பேரும் சேர்ந்திருந்தால் அதற்குப் பிந்தின காலம். கைப்பிடி எலும்பு என்றால் ஊசி குத்தின மாதிரி நுணுக்கமான புள்ளிகள் தெரியும். எலும்பு மாதிரி தெரிகிற ஒரு வகைப் பழைய பிளாஸ்டிக் உண்டு. அதைப் பேண்ட் துணியில் சூடேறத் தேய்த்து மோந்து பார்த்தால் கற்பூர வாசனை வரும். சிவப்புத் துருவை அவர் சட்டையே பண்ணமாட்டார். கறுத்து இறுகிப்போன துருதான் பழசு. அலகு தீட்டித் தீட்டி மெலிந்திருக்கிறது, கைப்பிடி மட்டும் மழமழ என்று இருக்கிறது என்றால், இரண்டு செத்த கத்தியைச் சேர்த்து ஒன்று பண்ணியிருக்கிறான் என்று அர்த்தம். இவ்வளவும் ஆன பிறகு நகத்தைக் கொடுத்துத் திறப்பார். டக் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு மட்டும் அவர் முகம் கொஞ்சம் இளகும்.

முறை சரி. அவரிடம் எனக்குப் பிடிக்காமல் போனது வேறு. கொண்டுவந்தவன் வாயைத் திறந்தாலே கையைக் காட்டி நிறுத்திவிடுவார்.

"கதையை அந்தாண்ட வை. கத்தியை இந்தாண்ட வை."

ஏன் சார் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். "ரயில்ல பாத்திருக்கேன்யா. டிக்கெட் வெச்சிருக்கிறவன் நீட்டிட்டுத் தூங்கிடுவான். இல்லாதவன்தான் கதை சொல்லுவான். அப்பனுக்கு சீரியஸுன்னு சொல்லுவான், பர்ஸு அடிச்சிட்டாங்கன்னு சொல்லுவான், அழுவான். கதை ஜாஸ்தியா இருக்குதுன்னா டிக்கெட் இல்லன்னு அர்த்தம்" என்றார். இதை ஏதோ வேதவாக்கு மாதிரி அடிக்கடி சொல்லுவார். லோடுமேன்கள் அவர் தலையைக் கண்டதும் இதையே சொல்லிச் சிரிப்பார்கள்.

ஒரு தடவை புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ஒருத்தன் வந்தான். கூலிங்கிளாஸ், கழுத்தில் செயின். துணியில் சுற்றிய ஒரு கத்தியை எடுத்து, "வெள்ளைக்காரத் துரை பங்களாவுல இருந்தது சார். எங்க தாத்தாதான் அங்க சமையல்காரரு. துரை கப்பல் ஏறச்சொல்ல தாத்தா கையைப் புடிச்சி..." என்று ஆரம்பித்தான்.

டிடிஆர் விரலால் அலகைத் தடவி, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இன்னா சார், பாயசமா டேஸ்ட் பாக்கறதுக்கு?"

"உங்க தாத்தா சமையல்காரருன்னு நான் ஒத்துக்கறேன். ஆனா கத்தியை எதுக்குய்யா ஊறுகாய் போட்டாரு? உப்பும் புளியுமா இருக்குதே."

லோடுமேன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துரு ஏறுவதற்காகப் புளித்தண்ணியில் உப்புப் போட்டு ஊற வைத்திருக்கிறான். அவன் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். என்னை ஏன் சொன்னான் என்று தெரியவில்லை. அன்றைக்கு எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய்க்காரன் மாட்டினால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது.

அவரால் நான் தப்பித்ததும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏட்டு ஒருவர் கடைக்கு வந்தார். யாரோ ஒருத்தர் கொல்லையில் புதுசாகப் போட்ட தண்ணி மோட்டார் திருடு போய்விட்டதாம், கடையில் கிடக்கிற மோட்டாரைப் பார்த்தால் அது மாதிரி இருக்கிறதாம். ஜல்தி வண்டியில் ஏறு, ஸ்டேஷனில் பேசிக்கலாம் என்றார். பழைய இரும்புக் கடைக்காரன், அதுவும் எங்கள் காலனித் தெருக்காரன் ஸ்டேஷனுக்குப் போனால் எப்போது திரும்பி வருவான் என்று யாருக்கும் தெரியாது. நான் சட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

டிடிஆர் டீ கிளாசைக் கீழே வைத்தார். மோட்டாரிடம் போய்க் குனிந்து பார்த்தார்.

"ஏட்டய்யா, இந்த போல்ட்டு சந்துல இன்னா இருக்குது பாருங்க."

"மண்ணு."

"மண்ணு இல்லைங்க. குளவிக்கூடு. காலியாயி, பழசாயி, அது மேல எண்ணெய் அழுக்கு ஏறியிருக்குது. புதுசாப் போட்ட மோட்டார்ல குளவி எப்பங்க வந்து கூடு கட்டி, குஞ்சு பொரிச்சிட்டுப் போச்சு?"

ஏட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "சார் யாரு?"

"நான் யாருன்றது கெடக்கட்டும். குளவியைக் கேளுங்க."

ஏட்டுக்கே சிரிப்பு வந்துவிட்டது. போகும்போது, "கடைக்காரன் உங்களுக்குத் தெரிஞ்சவனா? நல்ல ஆளுதானா?" என்று கேட்டார். அதற்கு டிடிஆர் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அது எனக்குத் தெரியாதுங்க. மோட்டார் பழசு. அதுதான் தெரியும்."

என் பெஞ்சில் உட்கார்ந்து, என் காசில் டீ குடித்து, எத்தனையோ ஞாயிறு என் மூஞ்சியைப் பார்த்தவர். நல்லவன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? காப்பாற்றினார். கும்பிடவும் தோன்றியது, கையிலிருந்த ஸ்பேனரை எறியவும் தோன்றியது.

வீட்டிலும் அப்படித்தானாம். கண்ணாடி வைத்த ஒரு பழைய பெட்டி அவருக்கு வேண்டும் என்றாரே என்று ஒருநாள் விழுப்புரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப் போயிருந்தேன். அவர் மனைவி காபி கொடுத்தார். நல்ல அம்மா. "உங்க கடைக்குத்தான் வர்றாரா? வெச்சிக்கங்க, எங்களுக்கு வேணாம்" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்.

"எனக்கு ஜொரம்னு சொன்னா, கையைத் தொட்டுப் பாக்க மாட்டாரு. தெர்மாமீட்டரை எடுத்துக்கினு வருவாரு. சரி, அது போவட்டும். எங்கம்மா பனமலையில செத்துட்டாங்கன்னு போன் வந்துது. இவரு போனை வாங்கிக்கினு, நீ யாரு பேசற, நேர்ல பாத்தியா, மூச்சு இல்லன்னு யாரு சொன்னதுன்னு கேள்வி கேட்டுகினே கீறாரு. அப்பறம் இன்னொருத்தருக்குப் போன் போட்டு, இன்னொருத்தருக்குப் போட்டு, நெசந்தான்னு ஆனப்பறம் கெளம்பினோம். நாங்க போயி எறங்கறோம், ஏரிக்கரை மேல தூக்கிக்கினு போறாங்க. மூஞ்சியைப் பாக்கலை நானு."

பக்கத்து அறையில் அவர் கத்திகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்தே, தலையைத் தூக்காமல், "தப்புப் போன் எத்தினி பேருக்கு வந்துகீது தெரியுமா?" என்றார். அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

அந்தப் பீரோவை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒவ்வொரு கத்திக்கும் ஒரு சின்ன அட்டை, நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். எந்த ஊரில் செய்தது, எந்தக் காலம், யார் வைத்திருந்தது. நிச்சயமாகத் தெரிந்தால்தான் எழுதுவார். தெரியாத இடத்தில் வெறும் கோடு போட்டு வைத்திருந்தார். பெரும்பாலான அட்டையில் மூன்றாவது வரி கோடுதான்.

இந்த அட்டையைப் பற்றி நான்தான் சகாயமேரி அக்காவிடம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன்.

சகாயமேரி என் பெரியம்மா மகள். எங்களுக்குச் சொந்த ஊர் கெடார். அக்காவுக்குக் கல்யாணமாகி வந்தது திண்டிவனம். இங்கே மண்டியில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைச் சலிப்பது, மூட்டை தைப்பது, அவிழ்ப்பது அவள் வேலை. அவளிடம் ஒரு மடக்குக்கத்தி இருந்தது. எங்கள் அம்மாக்களைப் பெற்ற தாத்தா தாவீது பட்டாளத்துக்குப் போய் வந்தவர். இரண்டாம் உலகப் போர் சமயம். அங்கே கொடுத்த கத்தி அது. அகலமான ஒரு அலகு, டின் திறக்க ஒரு கொக்கி, முதுகுப் பக்கம் முடிச்சு அவிழ்க்கிற பெரிய முள் ஒன்று. இடுப்பில் கயிறு கட்டித் தொங்கவிட ஒரு வளையம்.

அந்தச் சமயம் அக்கா தெருவில் யாரோ பேனரைக் கிழித்த தகராறு ஒன்று நடந்தது. போலீஸ் வீடு வீடாக நுழைந்தது. அக்கா மகன் செல்போன் கடையில் வேலை செய்கிறவன், அவனையும் தூக்கிக்கொண்டு போய் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அதிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் இல்லை.

"அரிவாமனையைக் கூட பொரட்டிப் பாக்கறான் தம்பி. இந்தக் கத்தி கண்ணுல பட்டுச்சுன்னா எம்புள்ளை மேல கேஸு எழுதிப்புடுவான். தூக்கிப்போட மனசு வரலை. போலீசு நொழையாத வூடா பாத்துக் குடுத்துடணும்" என்றாள். அப்போதுதான் நான் டிடிஆர் பீரோவைச் சொன்னேன். அட்டையைச் சொன்னேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "தாத்தா பேரை எழுதித் தொங்கவுடுவாரா?"

"எழுதுவாரு."

"அப்ப அவருக்கே குடுத்துடலாம். பேரு இருந்தா போதும். வேற ஒன்னும் எனக்கு வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கத்தியைப் பெஞ்சின் மேல் வைத்தாள். நம் பக்கத்தில் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை, சண்டை வரும் என்பார்கள். கீழே வைத்துத்தான் கொடுத்தாள், அப்படியும் வந்தது.

டிடிஆர் எடுத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. லென்ஸை வைத்தார். "அம்புக்குறி இருக்குதுய்யா. சர்க்கார் முத்திரை. வருஷம் தேஞ்சிருக்குது. பட்டாளத்துக் கத்திதான். ஒரிஜினல்." அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எங்க தாத்தாதுங்க. பேரு தாவீது" என்றாள்.

அவர் காலரிலிருந்து ஊக்கை எடுத்தார். கீல் சந்துக்குள் விட்டு மெதுவாக நிமிண்டினார். மஞ்சளாக ஒரு பொடி வந்தது. உள்ளங்கையில் வைத்து, எச்சில் தொட்டுக் குழைத்து மோந்தார். இன்னும் ஆழமாக நிமிண்டினார். சிவப்பாக வந்தது. அதற்கும் உள்ளே மறுபடியும் மஞ்சள்.

"சந்தனம். குங்குமம். அடுக்கடுக்கா இருக்குது. ஆயுத பூஜைக்குத் தொட்டு வெச்சது. வருஷா வருஷம் புளி போட்டுத் தேச்சிருக்காங்க, அதான் முத்திரை மழுங்கிப்போச்சு." அக்காவைப் பார்த்தார். "நீங்க ஆயுத பூஜை போடுவீங்களாம்மா?"

"இல்லைங்க. நாங்க வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க."

"தாத்தா?"

"தாத்தா காலத்துலேருந்தே வேதந்தாங்க."

"அப்ப இது உங்க வூட்டுக் கத்தி இல்ல."

அக்காவுக்குப் புரியவில்லை. "எங்க தாத்தாதுங்க" என்றாள் மறுபடியும்.

"இது பல வருஷம் சாமி கும்பிடற வூட்டுல இருந்திருக்குது. கொல்லை, ஏரு, மாடுன்னு இருக்கிற வூடு. எங்கேருந்து எடுத்தீங்க?"

எடுத்தீங்க என்றார். திருடினீங்க என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூடத் தேவலை. தகரம் தூக்கிக்கொண்டிருந்த லோடுமேன்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"நாங்க எடுக்கலைங்க. எடுத்தது வேற ஆளு. எங்க தாத்தா பட்டாளத்துலேருந்து வந்தப்ப..."

அவர் கையைக் காட்டினார். "கதை வேணாம்மா."

அக்கா கத்தியைத் துணியில் சுற்றினாள். அவள் போன பிறகு நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். மரியாதை எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"கதை வேணாமா? கேளுய்யா. எங்க தாத்தா பட்டாளத்துலேருந்து வந்து, சட்டை போட்டுக்கினு, இடுப்புல அந்தக் கத்தியைத் தொங்கவுட்டுக்கினு கெடார் தெருவுல நடந்தாரு. பண்ணைக்காரரு கூப்புட்டு, கூலி வேலைக்கு வர்றவனுக்கு இடுப்புல கத்தி எதுக்குடான்னு அறுத்து எடுத்துக்கினாரு. குடுக்கவே இல்ல. அவுங்க வூட்டு ஆயுத பூஜைக்கு ஏர், மம்புட்டி, அருவாளோட அதையும் கழுவிப் பொட்டு வெச்சிப் படைப்பாங்க. எங்க தாத்தா வருஷா வருஷம் பொரிகடலை வாங்கப் போயி, அந்தக் களத்துல நின்னுகினு அவரு கத்தியைப் பாத்துட்டு வருவாரு. சாவற வரைக்கும் பாத்தாரு. அப்பறம் அந்த வூட்டை இடிச்சிக் கட்டச்சொல்ல, அந்த வூட்டு மருமவ எங்க பெரியம்மாவைக் கூப்புட்டு, இது உங்கப்பன்துதான், எடுத்துக்கினு போன்னு குடுத்தாங்க. பெரியம்மா கழுவவே இல்ல. ஏன் தெரியுமா? அவங்க வெச்ச பொட்டு அப்படியே இருக்கட்டும், யாரு எடுத்து வெச்சிக்கினு இருந்தாங்கன்னு அதுவே சொல்லட்டும்னாங்க. அதைத்தான்யா நீ நோண்டி எடுத்து எங்கக்காவைக் கேட்ட."

அவர் கவனமாகக் கேட்டார். அதை ஒத்துக்கொள்கிறேன். கேட்டு முடித்து, "நீ பாத்தியா?" என்றார்.

"நான் பொறக்கவே இல்ல!"

"அப்ப?"

நான் ஸ்பேனரை எறிந்தேன். அவர் மேல் அல்ல, தகரக் குவியல் மேல். அவர் எழுந்து தன் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு ஞாயிறு வரவில்லை. ஒழிந்தது பேஜாரு என்று நினைத்தேன். மூன்றாவது ஞாயிறு முகமெல்லாம் வெளிச்சமாக வந்து நின்றார்.

"கெடார் போயிருந்தேன்யா. அந்தக் குடும்பம் இன்னும் அங்கதான் கீது, பழைய வூட்டை இடிச்சி மாடி வூடா கட்டிட்டாங்க. மருமவ அந்தம்மா படுத்த படுக்கையா இருக்காங்க, நெனப்பு நல்லா இருக்குது. கேட்டேன். ஆமா, எங்க மாமனாரு பட்டாளத்தான்கிட்டேருந்து புடுங்கினது, நாந்தான் திருப்பிக் குடுத்தேன்னு சொன்னாங்க. அவுங்க பழைய அருவாளு ஒன்னு பரண் மேல இருந்துது, எடுத்துப் பாத்தேன். அதே சந்தனம், அதே மாதிரி அடுக்கு. நூத்துக்கு நூறு நெசம். உங்கக்காவைக் கூப்புடு."

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. "நாங்க சொன்னா கதை. அவுங்க சொன்னா நெசமா?"

"அவுங்க அவுங்களுக்கு எதிராவே சொல்றாங்கய்யா. மாமனாரு புடுங்கினாருன்னு எந்த மருமவ சும்மா சொல்லுவா? அதனால நம்பலாம். நீங்க சொன்னது உங்களுக்குச் சாதகமா சொன்னது. எப்படி நம்பறது?"

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை எடுத்துக்கொண்டு எங்களைப் போன்ற ஆட்கள் எங்கே போய் நிற்பது? எங்களிடம் எங்களுக்குச் சாதகமாகச் சொல்ல வாய் மட்டும்தான் இருக்கிறது. பட்டா இல்லை, பத்திரம் இல்லை, பரண் மேல் அரிவாள் இல்லை.

போன் பண்ணினேன். அக்கா மண்டியிலிருந்து அப்படியே வந்தாள், தலையெல்லாம் மல்லாட்டைத் தூசி. டிடிஆர் எழுந்து நின்றார். அவர் யாருக்கும் எழுந்து நான் பார்த்ததில்லை. "நான் தப்பாப் பேசிட்டேன்மா. மன்னிச்சிக்கங்க" என்றார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துப் பெஞ்சில் வைத்தார். முன்கூட்டியே எழுதிக்கொண்டு வந்திருந்தார். மூன்றாவது வரியில் கோடு இல்லை. பட்டாளத்துக்காரர் தாவீது, கெடார். அழகான கையெழுத்து.

அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கொடுத்துவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் கேட்டது அதுதானே.

"சார், இதை எப்ப எழுதுனீங்க? அவுங்க வூட்டுக்குப் போறதுக்கு மின்னாடியா, போயிட்டு வந்தா?"

"வந்தப்பறம்தாம்மா. உறுதியானப்பறம்தான எழுத முடியும்."

"அப்ப இது நான் குடுத்த பேரு இல்ல சார். அவுங்க குடுத்த பேரு." அட்டையை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். "எங்க தாத்தா கத்தியை அவுங்கதான் எடுத்தாங்க, அவுங்கதான் குடுத்தாங்க. அது அவருதுதானான்றதையும் அவுங்களேதான் சொல்லணுமா?"

"முதல்லயே வெவரமா சொல்லியிருந்தா..."

"சொன்னேன் சார். கையைக் காட்டுனீங்க."

அக்கா என்னிடம், "மூட்டை நிக்குது தம்பி, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கத்தியை வீட்டில் வைக்க முடியாது. மண்டிக்கே கொண்டுபோய்விட்டாள். பகலெல்லாம் இடுப்பில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வேலை செய்தாள். சாயங்காலம் தராசுக்குப் பக்கத்தில் சணல் உருண்டை, கோணி ஊசியோடு அதையும் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். அந்த அலகு சணலை வெண்ணெய் மாதிரி அறுத்தது. முதுகில் இருந்த முள் மூட்டை முடிச்சு அவிழ்ப்பதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. மண்டியில் அக்கா இடுப்பில் கத்தி எதற்கு என்று ஒருத்தன் கேட்கவில்லை. ஏட்டு ஒருவர் மல்லாட்டை வாங்க வந்தபோது அந்தக் கத்தியாலேயே சணலை அறுத்துப் பை கட்டிக் கொடுத்தாள்.

டிடிஆர் மாறினாரா என்று கேட்டால், இல்லை. அடுத்த ஞாயிறே வேறொருவன் கத்தி கொண்டுவந்தான், அவனுக்கும் கையைக் காட்டினார். ஆனால் என் கடையில் அரை மணி உட்கார்ந்த பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளாது. எழுந்து மண்டிக்கு நடப்பார். உள்ளே போகமாட்டார், மூட்டை ஏற்றும் வாசலில் நின்று அக்கா கையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் நானும் கூடப் போனேன்.

அக்கா நகம் கொடுத்துத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் கீலிலிருந்து அந்தச் சந்தனம் பொடிப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. அவருக்கு அது தாங்கவில்லை. மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கினால் துடிப்பார்களே, அப்படித் துடித்தார்.

"அம்மா, அதால சணல் அறுக்காதீங்கம்மா. அது போயிடும். அப்பறம் எதை வெச்சிச் சொல்றது, யாரு வெச்சிருந்தாங்க, இன்னா நடந்துச்சுன்னு? ஒரு சாட்சியும் இருக்காதும்மா. எண்ணெயாவது போட்டு வையுங்க."

"மல்லாட்டை எண்ணெய் போடலாமா சார்?" என்றாள் அக்கா. கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இன்னும் ஒரு அடி முன்னால் வந்து, கழுத்தை நீட்டிப் பார்த்தார். லென்ஸ் கையிலேயே இருந்தது.

அக்கா ஒரு முடிச்சை முள்ளால் நெம்பி அவிழ்த்தாள். கத்தியைத் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். மஞ்சள் பொடி கொஞ்சம் தரையில் விழுந்து மல்லாட்டைத் தோலோடு கலந்துபோனது. அவர் குனியப் போனார்.

"சார், ஓரமா நில்லுங்க" என்றாள் அக்கா. "மூட்டை வருது."